நாலு பெட்டி, ஒரு புகைப்படம்

பொய் சொல்லாமல் டி.வி. ரிப்பேர் கடை நடத்த முடியாது. "சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்தச் சாயங்காலம் என்று நானும் சொன்னதில்லை, வந்தவர்களும் துருவிக் கேட்டதில்லை. அந்த மாதிரிப் பொய்களுக்கு நான் வெட்கப்பட்டதே கிடையாது. இங்கே எழுதப்போவது வேறு ஒன்று. அதை நினைத்தால் இன்றைக்கும் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடுகிறது. என் மனைவி தட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "மறுபடியும் அதையா நெனைக்கீங்க?" என்பாள்.

கோவில்பட்டியில் மெயின் ரோட்டை விட்டு ஒதுங்கின ஒரு தெருவில் என் கடை. பெரிய டியூப் வைத்த டி.வி.கள் இருந்த காலத்தில் எனக்கு நிற்க நேரமிருக்காது. தட்டை டி.வி.கள் வந்தபின் வேலை குறைந்தது. அதில் திரை போனால் போனதுதான், ஒட்டவும் முடியாது, கட்டவும் முடியாது. அதனால் சில வருடங்களுக்கு முன் ஆண்ட்ராய்டு பாக்ஸ் விற்க ஆரம்பித்தேன். கறுப்பாக, சோப்பு டப்பா அளவில் இருக்கும். அதை டி.வி.யில் மாட்டினால் இன்டர்நெட்டில் படம் பார்க்கலாம். அட்டையில் பெரிய பெரிய எண்ணாக மெமரி போட்டிருப்பான். திறந்து பார்த்தால் அதில் கால்வாசிகூட உள்ளே இருக்காது. பெட்டியே பொய் சொல்கிறது, நான் என் பங்குக்கு "ஆயுசுக்கும் சினிமா ஃப்ரீ" என்று சேர்த்துச் சொல்லி விற்றேன். ஒரே வருடத்தில் அந்த சினிமா ஆப் நின்றுபோனது. வாங்கினவர்கள் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் போட்டுச் சண்டை பிடித்தார்கள். விற்காத பெட்டிகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய மூலையில் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் அந்த மென்பொருள் என் கண்ணில் பட்டது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில், சம்பளமில்லாமல் எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறார்கள். அதை ஒரு மெமரி கார்டில் ஏற்றிப் பெட்டியில் சொருகினால், ஆகாத பெட்டி பழைய வீடியோ கேம் மெஷினாக மாறிவிடும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேசட் சொருகி ஆடின கார் ரேஸ், டாங்கி சண்டை, தாவிக் குதிக்கிற ஆட்டங்கள் எல்லாம் அதில் ஓடும். பெட்டியின் பின்பக்கத்தில் ஆடியோ வயர் சொருகுகிற ஓட்டைக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பட்டன் ஒளிந்திருக்கும். அதை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தால்தான் பெட்டி கார்டைப் படிக்கும். மற்ற ஊர்க்காரர்கள் அதற்குப் பல் குத்துகிற குச்சியைத் தேடுவார்களாம். நான் மருந்தைக் கிள்ளிப்போட்டுவிட்டுத் தீக்குச்சியை விடுவேன். தீப்பெட்டிக்குப் பேர்போன எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்.

முதல் பெட்டி ஓடினபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "நம்மளே செஞ்சது" என்றேன். யாரோ நூறு பேர் எழுதினதை ஒரு தீக்குச்சியால் தட்டிவிட்டு "நம்மளே செஞ்சது" என்று சொன்ன வாய் இது. அந்த மென்பொருளோடு ஆட்டங்களை அவர்கள் தருவதில்லை. சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறவன்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. நான் எங்கிருந்தோ மூட்டையாக இறக்கி ஏற்றினேன். அதற்கும் வெட்கப்பட வேண்டியதுதான், ஆனால் என் வெட்கங்களின் வரிசையில் அது ரொம்பப் பின்னால் நிற்கிறது.

பைபாஸ் பக்கம் பிள்ளைகளுக்கென்று விளையாட்டுக் கூடம் ஒன்று திறக்கவிருந்த ஒருவர் என் கடையில் அந்தப் பெட்டி ஓடுவதைப் பார்த்தார். அரைப்பரீட்சை லீவுக்குள் பத்து வேண்டும் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வேலையை ஆரம்பித்தபோதுதான் வினை தெரிந்தது. வெளியே ஒரே மூடி, ஒரே பெயர், உள்ளே வேறு சர்க்யூட் பலகை. படம் வந்தது, சத்தம் வந்தது, ஜாய்ஸ்டிக் மட்டும் உயிரில்லாமல் கிடந்தது. பெட்டிக்குள் என்னென்ன சாமான் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் சின்ன ஃபைல் ஒன்று உண்டு. என் பலகைக்கு அந்த ஃபைலை இதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை.

மென்பொருளை எழுதுகிறவர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிற ஒரு பக்கம் இருந்தது. என் இங்கிலீஷ் மல்ட்டிமீட்டர் டப்பாவைப் படிக்கிற அளவுக்குத்தான் காணும். போன் மொழிபெயர்த்துக் கொடுக்கும், நானும் தமிழில் பேசினால் இங்கிலீஷில் எழுதும். அந்தப் பக்கத்தின் தலையிலேயே ஒரு அறிவிப்பு இருந்தது. இதை விற்கிறவர்களுக்கு இங்கே உதவி கிடையாது, நாங்கள் சும்மா கொடுப்பதை நீ காசாக்கினால் உன் சிக்கலை நீயே தீர்த்துக்கொள் என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு, படிக்காதவன் மாதிரி என் சிக்கலை எழுதினேன். இரண்டு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் கேட்டார்: "என் பெட்டிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பெட்டி? எதற்காக?"

அதற்கு முந்தின வாரம் நாகலாபுரம் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் விடுதிக்குப் போயிருந்தேன். அங்கே டி.வி. வயரை எலி கடித்துவிட்டிருந்தது. பெரும்பாலும் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அறுப்பு முடிந்த காடுகளில் உரத்துக்காக ஆடுகளைக் கிடை போட்டுக்கொண்டே அப்பாவும் அம்மாவும் ஊர் ஊராகப் போய்விட, படிப்புக் கெடாமலிருக்கப் பிள்ளைகளை இங்கே விட்டிருந்தார்கள். ஜெபம் நடக்கிற ஹாலில் இருந்தது ஒரே ஒரு டி.வி.தான். அதன் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான் எனக்கும் அந்த விடுதிக்கும் உறவு. ஆனால் "எதற்காக?" என்ற கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைகள்தான் என் கைக்குக் கிடைத்தார்கள்.

"கிராமத்தில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதி. பெற்றோர் ஆடுகளோடு அலைகிறவர்கள். பிள்ளைகளுக்கு விளையாட ஒன்றுமில்லை. நாலு பெட்டி. நான் இலவசமாகச் செய்து கொடுக்கிறேன்." இப்படி எழுதினேன். பத்து என்று எழுதினால் சந்தேகம் வரும் என்று நாலாகக் குறைத்தேன். பொய்யிலும் ஒரு சிக்கனம். அதில் கடைசி இரண்டு வரியைத் தவிர மற்றதெல்லாம் நிஜம் என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. கேட்ட அதே ஆள். தென்னமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர், பகலில் டவுன் பஸ் ஓட்டுகிறவர். "நண்பரே, முதலிலேயே இதைச் சொல்லக்கூடாதா? உன் பலகையைப் படம் எடுத்து அனுப்பு" என்றார். பலகையில் மூன்று இடத்தில் வயரைப் பற்றவைத்து, பெட்டி கண் திறக்கும்போது தனக்குத்தானே முணுமுணுக்கிற வரிகளை எடுத்து அனுப்பச் சொன்னார். சோளப்பொரி அளவு இடத்தில் மூன்று வயர். பற்றவைப்பதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. என் வேலையின் படத்தைப் பார்த்துவிட்டு "என்ன கை ஐயா உன் கை!" என்று எழுதினார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இருபது வருடத்தில் இந்தத் தெருவில் ஒருவர்கூட என் சால்டரிங்கைப் பாராட்டியதில்லை.

மூன்று வாரம் ஓடியது. அவர் ஒரு ஃபைல் அனுப்புவார், நான் போட்டுப் பார்ப்பேன், ஓடாது, மறுபடியும் வரிகளை அனுப்புவேன். என் காலை நேரம் அவர் தூங்க வேண்டிய நேரம். அது தெரிந்தும் ஒருநாள்கூட "போய்ப் படுங்கள்" என்று நான் சொல்லவில்லை. நடுநடுவே பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். எத்தனை பேர், என்ன வயது, அவர்களுக்கு என்ன ஆட்டம் பிடிக்கும். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஒருமுறை இரண்டு நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன். கடையில் வேறு வேலை. அதற்குச் சாக்காக, விடுதியில் ஒரு பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல், நான்தான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன் என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், கை நடுங்கவே இல்லை.

மறுநாள் என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டிருக்காரு. எந்தப் பிள்ளை அது?"

"அது சும்மாதாண்டி. ஒரு பேச்சுக்கு."

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு பேச்சுக்குச் சொல்லுவாங்களா யாராவது?"

"உனக்கு இந்த யாவாரம் புரியாது. போ அங்கன."

அவள் போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "பிள்ளை தேறிவிட்டது" என்று நான் எழுதினேன். ஒரு பூங்கொத்துப் படம் வந்தது.

கடைசியில் ஒரு நாள் காலையில் அவர் அனுப்பின ஃபைலைப் போட்டதும் ஜாய்ஸ்டிக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சத்தம் போட்டுக் கத்திவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தென்னமெரிக்காக்காரருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "பிள்ளைகள் விளையாடும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. முகம் தெரிய வேண்டாம், முதுகு போதும்" என்று எழுதினார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, ஆசைப்பட்டுக் கேட்டார். சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபப்பட்டுவிட்டு விலகியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை, நாலு பெட்டியையும் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் பையில் போட்டு, கடலைமிட்டாய் பாக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டு, எட்டயபுரம் தாண்டி விடுதிக்குப் போனேன். முதல் நாள் மழை. மெயின் ரோட்டை விட்டு இறங்கினதும் கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டை அடைத்து, வண்டி நகரமாட்டேன் என்றது. குச்சியால் மண்ணைத் தோண்டித் தோண்டிப் போய்ச் சேர்ந்தேன். ஒரு நல்ல காரியத்துக்காக இவ்வளவு பாடுபட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

வார்டன் ஒரு கணக்கு டீச்சர். ஐம்பதை ஒட்டின வயது, அதிகம் பேசாதவர்.

"என்ன அண்ணாச்சி, சொல்லாம கொள்ளாம? வயரு நல்லாத்தான இருக்கு" என்றார்.

"டெஸ்டிங் டீச்சர். இது கேம் பாக்ஸ். பிள்ளைக கையில குடுத்துப் பாத்தாத்தான் தாங்குமான்னு தெரியும். ஒரு மணி நேரம் ஹால்ல வச்சுக்கிடட்டுமா?"

அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். நாலு பெட்டியையும் மேசையில் வரிசையாக அடுக்கினேன், படத்தில் விழ வேண்டும் அல்லவா. ஒன்றை மட்டும் டி.வி.யில் மாட்டினேன். பெட்டி கண் திறந்து மென்பொருளின் பெயர் திரையில் வந்தபோது டீச்சர் கையிலிருந்த நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். கணக்கு டீச்சர்கள் எதையாவது குறித்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் முதலில் கிட்ட வரவில்லை. அப்புறம் ஒருத்தி ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாள். கார் ரேஸ் ஆரம்பித்ததும் ஹாலே இரண்டாகிவிட்டது. கார் வளைந்தால் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து சாய்ந்தார்கள். எதிரே வரும் கார்களை ஒதுக்க ஒருத்தி ஆடு ஒதுக்குகிற மாதிரி நாக்கை மடக்கி "ட்ர்ர்ர்" என்று சத்தம் கொடுத்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார். வரிசையை அவர்களே போட்டுக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு ஆட்டம், தோற்றால் எழுந்துவிட வேண்டும். நான் பின்னால் நின்று படம் எடுத்தேன். சிவப்பு ரிப்பன் கட்டின இரட்டைச் சடைகள், அதற்கு அந்தப் பக்கம் வெளிச்சமாகத் திரை. நல்ல படம். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதுதான் நன்றாக வந்தது.

படம் கிடைத்துவிட்டது, வயரைப் பிடுங்கினேன். பாதிப் பிள்ளைகளுக்குக்கூட இன்னும் முறை வரவில்லை. "ஏன்" என்றுகூட ஒருத்தி கேட்கவில்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்பது தெரிந்த பிள்ளைகள் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடலைமிட்டாயைக் கொடுத்தேன், வரிசையில் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

வாசலில் டீச்சர் கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு இங்கன விட்டுட்டுப் போக முடியுமா அண்ணாச்சி? சனிக்கெழம மட்டும் போட்டுவிடுவேன்."

"அடுத்த வாரம் நானே கொண்டு வாரேன் டீச்சர்."

சாயங்காலம் ரெடியாயிரும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன்.

படத்தை அனுப்பினேன். கீழே, நாலு பெட்டியும் ஓடுகிறது, பிள்ளைகள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அவர் ஓட்டும் பஸ். டிரைவர் சீட்டுக்கு மேலே, கண்ணாடியின் ஓரத்தில், நம் பிள்ளைகளின் முதுகும் ரிப்பனும் பிரிண்ட் போட்டு ஒட்டியிருந்தது. "என் அம்மாவுக்கும் காட்டினேன்" என்று எழுதியிருந்தார். நான் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்துப் பெட்டியும் சொன்னபடி பைபாஸுக்குப் போய்ச் சேர்ந்தன. டீச்சர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் அடுத்த வாரம் என்றேன். அப்புறம் அவர் போன் செய்வதை நிறுத்திக்கொண்டார். தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். டீச்சர் கடைக்கு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. துணிப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அவரே ஆன்லைனில் வாங்கினதாம். அன்று திரையில் பார்த்த பெயரை நோட்டில் குறித்துவைத்து, அந்த மென்பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, தானே கார்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். ஓடவில்லை. அதனால் அதே பக்கத்தில் போய் உதவி கேட்டிருக்கிறார். நாகலாபுரம் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் விடுதி என்று எழுதியிருக்கிறார்.

"ஒடனே பதில் வந்துது அண்ணாச்சி. எங்க பிள்ளைகள அவருக்கு நல்லாத் தெரியுமாம். போட்டோ கூட அனுப்புனாரு. பெட்டிய உங்கட்டயே குடுத்துப் பாக்கச் சொன்னாரு" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

"நீங்க எழுதுனதெல்லாம் அங்கனயே இருக்கு. உக்காந்து பூராவும் படிச்சேன்." போனைப் பைக்குள் வைத்தார். "எந்தப் பிள்ளைக்கு அண்ணாச்சி காய்ச்சல்?"

என் மனைவி கல்லாவில் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்பட வேண்டியவன் நான், குனிந்தவள் அவள்.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர். நீங்க அவர்ட்ட சொல்லியிருப்பீங்க."

"சொல்லல." அவர் குரல் உயரவே இல்லை. "ஆமா, நாங்கதான்னு எழுதிட்டேன். நாலும் நல்லா ஓடுது, இது சின்னப் பிள்ளைகளுக்காக அஞ்சாவது பெட்டின்னு எழுதிட்டேன். என்ன செய்யச் சொல்லுதீங்க? அவரு பஸ்ல ஒட்டி வச்சிருக்காரு. உண்மையைச் சொன்னா, அந்தப் படத்துல இருக்கது பூராவும் ஏமாத்துக்காரப் பிள்ளைகன்னு நெனைக்க மாட்டாரா? அதுக ஒரு மணி நேரம் வெளையாடுனதத் தவிர என்ன செஞ்சுது?"

நான் மேசைமேல் இருந்த அந்தப் பெட்டியை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

"இருபத்தாறு வருசமா பொய் சொல்லாதீங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு வாரேன். நேத்து ஒரு பொய்ய எழுதிட்டு ஜெபத்துக்கு முன்னால நின்னேன். நிக்க முடியல அண்ணாச்சி."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கடையில் வாங்காத திட்டா. என் பொய் என்னோடு இருந்தவரை எனக்குக் கனக்கவில்லை. பொய்யே தெரியாத ஒருவர் கையில் அது போய் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபோதுதான் உடம்பெல்லாம் எரிந்தது. நாலு பெட்டியும் சீக்கிரம் கொண்டுவந்து தருகிறேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"கொண்டு வாங்க. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நான் எழுதுனது நெசமாகணும்" என்றார். மனைவி கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

பைபாஸுக்குக் கொடுத்ததோடு அட்டைப்பெட்டி காலி, என்னிடம் சொந்தமாக ஒரு பெட்டிகூட இல்லை. அதே பெயரில், அதே மூடியில் நாலு பெட்டி வாங்கிப் போட்டேன். ஏற்றினேன். கறுப்புத் திரை. திறந்து பார்த்தால் இந்தத் தடவையும் வேறு பலகை, டீச்சர் வாங்கின பெட்டிக்குள்ளும் அதே பலகை. பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். அந்த ஃபைலைப் புதிதாக எழுத எனக்குத் தெரியாது, என் கைக்குப் பற்றவைக்கத்தான் தெரியும். எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் நாலும் ஓடுகிறது என்று நான் ஒருமுறை சொல்லியாயிற்று, டீச்சர் ஒருமுறை சொல்லியாயிற்று. இனி நாலு புதுப்பெட்டிக்கு உதவி கேட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட வேண்டும். அதில் டீச்சர் பொய்யும் சேர்ந்து விழும்.

விடுதிக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப எழுதிருவோம்" என்றார்.

"உங்க பேரு வேண்டாம் டீச்சர். நீங்க சொன்னதுக்கும் நாந்தான் காரணம்னு எழுதுதேன். நான் சொல்லச் சொன்னேன்னு..."

"மறுபடியும் ஒரு பொய்யா?" என்று என்னைப் பார்த்தார். "நான் எழுதுனது நான் எழுதுனதுதான்."

அவரே போனை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். எழுதி முடித்ததும் தமிழில் எனக்குச் சொன்னார். என் பொய்யை இரண்டே வரியில் முடித்திருந்தார், குத்தலாக ஒரு சொல் இல்லை. தன்னுடையதற்கு ஐந்து வரி எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது, அவர்களைத் தவறாக நினைக்க வேண்டாம் என்று முடித்திருந்தார். அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த ஹாலில், நான் படம் எடுத்த அதே இடத்தில் நின்றுகொண்டு, கண் கலங்கிவிட்டேன். டீச்சர் பேப்பர் கட்டைப் பார்த்துக்கொண்டு, கவனிக்காதவர் மாதிரி இருந்தார்.

ஒன்பது நாள் பதில் இல்லை. தினமும் போனை எடுத்துப் பார்ப்பேன், பார்க்கப் பயந்து வைத்துவிடுவேன். பத்தாம் நாள் டீச்சருக்குப் பதில் வந்தது, எனக்கல்ல. "டீச்சர், அந்தப் பலகையில் மூன்று வயரைப் பற்றவைத்து வரிகளை அனுப்பச் சொல்லுங்கள்." அவ்வளவுதான். "நண்பரே" இல்லை, பூங்கொத்து இல்லை. பற்றவைத்து, படமும் வரிகளும் அனுப்பினேன். என் கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதினதற்கும் இன்றுவரை பதில் கிடையாது. நாலு நாளில் ஃபைல் மட்டும் வந்தது. அதுவும் டீச்சருக்குத்தான். அந்தப் படம் இன்னும் பஸ்ஸில் ஒட்டியிருக்கிறதா, கிழித்துவிட்டாரா, தெரியாது. கேட்க எனக்குத் தைரியமில்லை.

டீச்சரின் பெட்டியோடு ஐந்தையும், கடையில் நான் எக்ஸ்சேஞ்சில் எடுத்துப் போட்டிருந்த பழைய டி.வி.கள் நாலையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனேன், முன்னால் என் வண்டி, பின்னால் ஆட்டோ. டீச்சர் வாசலுக்கு வந்து, "பிள்ளைகள்ட்ட எல்லாம் சொல்லிட்டேன். நான் எழுதுன பொய்யையும் சேர்த்து. தெரிஞ்சிருக்கட்டும்" என்றார். அந்த இடத்திலேயே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

ஹாலுக்குள் போனேன். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று "வணக்கம் சார்" என்றார்கள். யார் முகத்திலும் கோபமில்லை. நான் யார் முகத்தையும் சரியாகப் பார்க்கவும் இல்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக மாட்டினேன். ஐந்து திரையிலும் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் வரிசை போட்டுக்கொண்டார்கள். ஹாலில் மெல்லச் சத்தம் ஏற ஆரம்பித்தது. என் டூல்ஸ் பையை மூடிக்கொண்டு எழுந்தபோது, மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ படிக்கிற ஒரு பிள்ளை, அன்று முறை வராமல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும், பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், இன்னைக்கும் எடுத்துட்டுப் போயிருவீங்களா?"

கேலி இல்லை, பயமும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இல்லம்மா. இது ஒங்களுக்குத்தான். இங்கனயே இருக்கும்" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். அவள் முறை வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. நான் வெளியே வந்து, வண்டியை எடுத்து, ஹால் ஜன்னல் வழியாக உள்ளே திரும்பிப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்து கேட்டைத் தாண்டும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.